வெள்ளிக்கிழமைப் பெயர்கள்

காலை பத்து மணி பத்து நிமிடம். ஏழு கார்கள். முதல் காரிலிருந்து இறங்கியவர் மேஜர் சோ நைங். தூதர் நாலாவது காரில் இருந்தார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், கோயில் வாசலில் பூரண கும்பத்துக்குப் பக்கத்தில் நின்று வரவேற்றவனே நான்தான்.

உட்காருங்கள் தம்பி. டீ சொல்லியிருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து இவ்வளவு தூரம் பர்மாவுக்குக் கோயில் பார்க்க வந்திருக்கிறீர்கள். உள்ளே ஆபீசில் உங்களுக்கு விவரம் சொன்ன மரக்கடைக்காரர் என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று நான் கேட்கப் போவதில்லை. அவர் நிர்வாகியாகி மூன்று வருஷம் ஆகிறது. நான் பத்தொன்பது வருஷம் இருந்தேன். இந்த டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்தால் கோபுரம் முழுசாகத் தெரியும். இப்போதெல்லாம் இங்கிருந்துதான் கும்பிடுகிறேன்.

என் பெயர் தருமலிங்கம். அரசாங்கக் காகிதத்தில் ஊ தெய்ன் மாவுங். இங்கே பிறந்த தமிழர்கள் எல்லோருக்கும் இப்படி இரண்டு பெயர் உண்டு. கடைத்தெருக் கோடியில் இருக்கும் கடலை எண்ணெய் மில் என்னுடையது. பட்டாளத்துக்கு எண்ணெய் என் மில்லிலிருந்துதான் போகிறது. அதனால்தான் மேஜரோடு பழக்கம். பழக்கம் என்றால் தப்பாக நினைக்காதீர்கள். இந்த ஊரில் மாரியம்மனுக்கு ஒரு விளக்கு கூடுதலாகப் போட வேண்டும் என்றாலும் பட்டாளத்தைக் கேட்க வேண்டும். யாராவது ஒருவர் போய்க் கேட்கத்தானே வேண்டும்?

உங்களுக்கு எங்கள் அரசியல் தெரியாது. சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டாளத்தார் ஒரு தடவை தேர்தல் வைத்தார்கள். தோற்றார்கள். நாற்காலியை விடவில்லை. வெளிநாடுகளுக்கு அது பிடிக்கவில்லை. வியாபாரத்தை நிறுத்தின. எங்கள் ஊர்ச் சட்டைக் கம்பெனி மூடியது அதனால்தான். முந்நூறு பெண்களுக்கு வேலை போயிற்று. பிறகு அந்த நாடுகளெல்லாம் சேர்ந்து அவ்வப்போது ஒரு தூதரை அனுப்பும். சிறையில் இருப்பவர்களை விடுங்கள், மறுபடி தேர்தல் வையுங்கள் என்று அவர் சொல்வார். நம்மவர்கள் அவருக்குச் சாப்பாடு போட்டு, நாலு ஊர் சுற்றிக் காட்டி, ஜனங்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் பாருங்கள் என்று அனுப்பி வைப்பார்கள். 2007ஆம் வருஷம் சுற்றிக் காட்டும் ஊர்களில் எங்கள் ஊரும் வந்தது. கோயிலும் வந்தது.

மேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது நான் ஒன்றே ஒன்று கேட்டேன். தேர். எங்கள் அம்மன் தேர் பதினொரு வருஷமாகக் கொட்டகையை விட்டு நகரவில்லை. தெருவில் ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று சட்டம். ஐந்து பேர் இழுத்தால் தேர் நகருமா? மேஜர் சிரித்தார். தூதர் திருப்தியாகத் திரும்பிப் போகட்டும், பங்குனியில் உங்கள் தேர் ஓடும் என்றார். பர்மாக்காரர் ஒருவர் வாயிலிருந்து பங்குனி என்ற வார்த்தை வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்களிடம் சொன்னால் என்ன.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. சிட்டம்மாள்.

சிட்டம்மாள் வெற்றிலைக் கடை வைத்திருந்தவள். புருஷன் இல்லை. ஒரே மகன் கதிரேசன். அவனும், என் மில்லில் மேஸ்திரியாக இருக்கும் வீராச்சாமியின் மகன் தெய்வேந்திரனும் சேர்ந்து, அதற்கு முந்தின வருஷம் தை மாதம் ஒரு காரியம் செய்தார்கள். தேர்தல் முடிவை மதியுங்கள் என்று காகிதத்தில் எழுதி, ரங்கூன் போகும் மூன்று பஸ்களின் பின்னால் ஒட்டிவிட்டார்கள். பஸ்கள் ரங்கூன் வரைக்கும் போய்விட்டன. வழியில் பார்த்தவன் ஒருவனும் கிழிக்கவில்லை. அதுதான் பட்டாளத்துக்குக் கோபம். மூன்றாம் நாள் இரண்டு பேரையும் கொண்டுபோனார்கள். எங்கே என்று சொல்லவில்லை. ஆபீசில் போய்க் கேட்டால், அப்படி யாரையும் நாங்கள் பிடிக்கவில்லை என்றார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கும் அதே பதில்தான். இந்த ஊரிலிருந்து யாரும் சிறையில் இல்லை.

இப்போது எங்கள் கோயில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொன்னால் போதும், இல்லையா? இங்கே ஊரையும் சொல்ல வேண்டும். அறுபத்து நாலில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் ஜனங்கள் கப்பல் ஏறினார்கள். தாய் இங்கே, பிள்ளை மதுரையில். அண்ணன் இங்கே, தம்பி பினாங்கில். அப்போதிருந்த பண்டாரம்தான் இதை ஆரம்பித்தார். ஆள் எங்கே இருக்கிறான் என்று சொல்லாமல் அம்மாளை எங்கே போய்ப் பார்த்துக்கொள்ளச் சொல்வது என்பது அவர் நியாயம். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் உச்சி பூஜைக்கு முன்னால், ஊரில் இல்லாதவர்களின் பெயர், நட்சத்திரம், இருக்கும் ஊர் மூன்றையும் பண்டாரம் வரிசையாகச் சொல்லுவார். சிங்கப்பூரில் இருக்கும் இன்னார், காரைக்குடியில் இருக்கும் இன்னார் என்று நாற்பது பெயர் வரும். இப்போதிருக்கும் வைரவப் பண்டாரம் அவருடைய மகன். நாற்பதும் மனப்பாடம். விசையை முடுக்கிவிட்ட மாதிரி வரும்.

சிட்டம்மாள் தன் மகன் பெயரைச் சேர்த்தாள். வீராச்சாமியும் சேர்த்தான். இருக்குமிடம் தெரியாத கதிரேசன், இருக்குமிடம் தெரியாத தெய்வேந்திரன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இது காதில் விழும்போது நிர்வாகி என்ற முறையில் எனக்கு எப்படி இருக்கும்? பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். கோயிலுக்குள் அரசியல் வரலாமா?

வீராச்சாமியிடம் நானே பேசினேன். "வீராச்சாமி, பேரைச் சொல்லச் சொல்ல அவனுகளுக்கு ஞாபகம் வந்துகிட்டே இருக்கும். மறந்தாத்தான் விடுவானுக," என்றேன். அவன் மில் சக்கரத்தைப் பார்த்தபடி, "நீங்க சொன்னா சரி முதலாளி," என்றான். அடுத்த வெள்ளியிலிருந்து தெய்வேந்திரன் பெயர் இல்லை. வீராச்சாமி மாதிரி மனுஷன் கிடைக்க மாட்டான்.

சிட்டம்மாளிடம் அது பலிக்கவில்லை. "அண்ணே, எம்மவன் பேரு நான் வச்சது. அதைச் சொல்றதுக்கு யாருகிட்ட பர்மிட்டு வாங்கணும்?" என்று கேட்டாள். வெற்றிலைக் கடைக்காரி, வாய்க்குக் கேட்கவா வேண்டும்.

கதிரேசன் எந்தச் சிறையில் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். ஆனி மாதமே தெரியும். எண்ணெய் டின் ஏற்ற வந்த அன்று மேஜர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். வடக்கே ஒரு சிறை. ஊர் பெயர் உங்களுக்கு எதற்கு? நான் எதையும் பெயர் சொல்லிப் பேசுகிறவன் இல்லை. அதனால்தான் இங்கே உட்கார்ந்து டீ குடிக்கிறேன். தெய்வேந்திரனை வேறெங்கோ கொண்டுபோய்விட்டார்கள், அது அவருக்கும் தெரியாது என்றார். நான் அப்போதே மேஜர் கையில் இரண்டு போத்தல் எண்ணெய் கொடுத்து, கதிரேசனுக்கு அனுப்பச் சொன்னேன். என் பெயரைச் சொல்லியே கொடுக்கச் சொன்னேன். யார் செய்வார்கள் இந்தக் காலத்தில்?

சிட்டம்மாளிடம் அப்போதே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சமயம் பார்த்துச் சொல்ல வேண்டாமா? அவள் மறுநாளே மூட்டையைக் கட்டிக்கொண்டு சிறை வாசலில் போய் நிற்பாள். மேஜர் என்னைக் கேட்பார். வீராச்சாமியோ எதுவும் கேட்கவே இல்லை. கேட்காதவனிடம் போய் எதற்குச் சொல்ல வேண்டும்?

சமயம் மாசியில் வந்தது. தூதர் வரும் நாள் முடிவானதும் சிட்டம்மாள் வீட்டுக்குப் போனேன். "தங்கச்சி, ஒனக்கு ஒரு சேதி கொண்டாந்திருக்கேன். அதுக்குப் பதிலா நீ ஒண்ணு செய்யணும். பெரிய மனுசங்க வந்துட்டுப் போற வரைக்கும் கோயில் பக்கம் வரப்படாது," என்றேன். அழுவாள், காலில் விழுவாள், தூதரிடம் மனு நீட்டுவாள். அதைத் தடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். அவள் சத்தியம் செய்தாள். ஊர் பெயரைச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எப்பத் தெரிஞ்சுது அண்ணே?"

"இப்பத்தான்," என்றேன்.

நல்ல வார்த்தைதானே தம்பி? ஒன்பது மாதம் ஆயிற்று என்று சொல்லி அவளை நோகடிப்பதில் யாருக்கு என்ன லாபம்?

புதன்கிழமை ஒத்திகை நடந்தது. கல்வி ஆபீசர் ஒருவரைத் தூதர் மாதிரி நடக்கவிட்டார்கள். கும்பம், மாலை, பரிவட்டம், அர்ச்சனை, பிரசாதம். மேஜர் கையில் கடிகாரம். பண்டாரம் கல்வி ஆபீசர் பெயருக்கு அர்ச்சனை செய்து, தீபம் காட்டி, முடித்தார். ஒன்பது நிமிடம். மேஜர் என் முதுகில் தட்டினார்.

தூதர் வந்தது வெள்ளிக்கிழமை.

இதை யார் யோசிப்பார்கள், சொல்லுங்கள். மார்ச் ஒன்பதாம் தேதி, மாசிக் கடைசி வெள்ளி. தூதர் நெட்டையான மனிதர், வழுக்கை, செருப்பைத் தானே கழற்றினார். நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். பரிவட்டம் கட்டினோம். பண்டாரம் பெயர் கேட்டார், மொழிபெயர்ப்பாளர் சொன்னார். நட்சத்திரம் தெரியாது என்பதால் அம்மன் நட்சத்திரத்திலேயே அர்ச்சனை. எல்லாம் ஒத்திகை மாதிரியே போயிற்று. அதோடு தீபத்தைக் காட்டி முடிக்க வேண்டியதுதானே? பண்டாரம் கண்ணை மூடிக்கொண்டு வெள்ளிக்கிழமைப் பெயர்களை ஆரம்பித்துவிட்டார். சிங்கப்பூரில் இருக்கும், பினாங்கில் இருக்கும், மதுரையில் இருக்கும். மேஜருக்கு அது மந்திரம், மொழிபெயர்ப்பாளருக்கும் மந்திரம். நான் மட்டும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தேழாவதோ இருபத்தெட்டாவதோ வந்தது. அந்த ஊர் பெயரைச் சொல்லி, அங்கே சிறைச்சாலையில் இருக்கும் கதிரேசன், அவிட்ட நட்சத்திரம், கும்ப ராசி என்றார்.

சிட்டம்மாள் சத்தியத்தை மீறவில்லை. கோயில் பக்கம் வரவில்லை. நான் ஊர் பெயரைச் சொன்ன அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பண்டாரத்துக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள், இனி இருக்குமிடம் தெரியாத என்று சொல்ல வேண்டாம், இடம் தெரிந்துவிட்டது என்று. முந்தின வெள்ளியும் பண்டாரம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். நான் அன்றைக்குத் திரைச்சீலை வாங்க ரங்கூன் போயிருந்தேன். பண்டாரத்துக்குப் புத்தி வேண்டாமா? வெள்ளிக்கிழமை என்றால் சொல்லிவிடுவதா?

அப்போதும் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. தூதர் கூட்டத்தில் ஒரு பெண் இருந்தாள். கறுப்பு, முப்பது வயதிருக்கும், கால்சட்டை, கழுத்தில் அடையாளச் சீட்டு. நான் வங்காளி என்று நினைத்தேன். தீபாராதனை முடிந்து மேஜர் தூதரைத் தேர்க் கொட்டகைக்கு அழைத்துப் போனார். அவள் பின்தங்கி, திருநீற்றுக்குக் கை நீட்டினாள். நீட்டினவள் நல்ல தமிழில் கேட்டாள்.

"சாமி, ஜெயில்ல இருக்கிற கதிரேசன்னு சொன்னீங்களே, அவரு யாரு?"

மலேசியாத் தமிழ். ஈப்போவோ தைப்பிங்கோ. வைரவப் பண்டாரம் கொஞ்சமும் தயங்கவில்லை. "நம்ம சிட்டம்மா மகன்தான்மா. பஸ்ஸுல காயிதம் ஒட்டினான். பதினாலு மாசமாச்சு," என்றார், யாரோ வேலைக்குப் போன கதையைச் சொல்வது மாதிரி.

அதற்குள் மேஜர் திரும்பிப் பார்த்தார். நான் ஓடினேன். அந்தப் பெண் என்ன கேட்கிறாள் என்றார். என் நாக்கில் என்ன வந்ததோ தெரியாது, சர்க்கரைப் பொங்கலுக்கு எவ்வளவு வெல்லம் போடுவீர்கள் என்று கேட்கிறாள் என்றேன். மேஜர் தூதரிடம் அதை இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். தூதரும் சிரித்தார். நான் பண்டாரத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன். கோயிலைக் காப்பாற்ற. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்தியிருப்பார்கள். என் பதவியும் போயிருக்காது. அது ஒன்றுதான் நான் செய்த பிசகு.

திரும்பி வந்தேன். அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "அவரு ஒருத்தர்தானா, இன்னும் யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள். பண்டாரம் பிரசாதத் தட்டோடு நின்ற வீராச்சாமியைப் பார்த்தார். வீராச்சாமி என்னைப் பார்த்தான். நான் தலையை இப்படி, லேசாகத்தான், ஆட்டினேன்.

"இல்லம்மா," என்றான் வீராச்சாமி. தட்டை நீட்டினான். அவள் பொங்கலை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தக் கட்டுப்பாடு எத்தனை பேருக்கு வரும்? பெற்ற பிள்ளை தம்பி. ஊர் நன்மைக்காக வாயைக் கட்டினான். எல்லோரும் வீராச்சாமி மாதிரி இருந்திருந்தால் பங்குனியில் தேர் ஓடியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தலைநகரில் விருந்து. இந்த ஊரிலிருந்து யாரும் சிறையில் இல்லை என்று மந்திரி சொல்லியிருக்கிறார். தூதர் கதிரேசன் பெயரையும் சிறை இருக்கும் ஊரையும் சொல்லிக் கேட்டிருக்கிறார். நட்சத்திரமும் சொன்னாராம். அதை மேஜர்தான் என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை பண்டாரத்தை அழைத்துப் போனார்கள். வியாழக்கிழமை விட்டார்கள். மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றார். நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். என்னை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. நிர்வாகக் குழுவைக் கலைத்து மரக்கடைக்காரரைப் போட்டார்கள். எண்ணெயை மட்டும் என் மில்லிலிருந்தே எடுத்தார்கள். அந்த அளவுக்கு நியாயம் இருந்தது.

தேர் கொட்டகையிலேயே நின்றது.

வெளிநாட்டுக்காரர் கேட்டாரே, அதனால் அந்தப் பையனுக்கு என்ன நன்மை? ஆறு வாரம் கழித்துத் தூதரின் ஆள் ஒருவர் சிறைக்குப் போய்க் கதிரேசனைப் பார்த்தார். படம் எடுத்தார். உடம்பைச் சோதிக்க ஒரு டாக்டரும் போனாராம். அவர்கள் போன பிறகு பையனை நானூறு மைல் தள்ளி, மலைப் பக்கம் ஒரு சிறையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். நானூறு மைல்! இதுதான் உலக நாடுகள் செய்த உபகாரம். ஆனால் பிடிக்கவே இல்லை என்று இனிச் சொல்ல முடியாது அல்லவா, படம் இருக்கிறதே. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தாய் பார்க்கலாம் என்று விட்டார்கள். சிட்டம்மாள் வெற்றிலைக் கடையை அடமானம் வைத்து ரயில் ஏறினாள். அவல், கருவாடு, கொசுவலை, மாத்திரை, எல்லாம் தூக்கிக்கொண்டு போவாள்.

முதல் தடவை போய்வந்தவள் நேரே என் மில்லுக்கு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"நீங்க அனுப்பின எண்ணெ போன ஆனி மாசமே கெடச்சுதாம் அண்ணே," என்றாள்.

"கெடச்சுதா? நல்லது," என்றேன். எனக்குச் சந்தோஷம். நடுவில் எவனாவது எடுத்துக்கொண்டிருப்பான் என்று பயந்திருந்தேன்.

"ஒம்போது மாசம்," என்றாள்.

அவ்வளவுதான். திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு இந்தத் தெருவில் எதிரே வந்தால்கூட என் முகத்தைப் பார்க்க மாட்டாள். எண்ணெய் அனுப்பினவன் நான். இடத்தைச் சொன்னவன் நான். ஊரில் வேறு யாராவது அவளுக்கு ஒரு துரும்பு எடுத்துக் கொடுத்தார்களா, கேட்டுப் பாருங்கள்.

அந்த வருஷம் செப்டம்பரில் பிக்குகளே தெருவில் இறங்கினார்கள், பட்டாளத்தார் சுட்டார்கள். அதற்குப் பிறகு சிறைகளில் இடமே இல்லை. எங்கள் ஊரில் பேச்சு மூச்சு இல்லை. வீராச்சாமி தினமும் காலை ஆறு மணிக்கு மில்லைத் திறப்பான். ஒரே ஒரு நாள், ஐப்பசியோ கார்த்திகையோ, மூட்டை தைத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான். "முதலாளி, அந்த மலேசியாப் பொண்ணு மறுபடி வருமா?"

"எதுக்கு?" என்றேன்.

"சும்மா கேட்டேன்," என்று சொல்லிவிட்டு ஊசியில் நூலைக் கோத்தான்.

தூதர் மறுபடி வந்தார், வேறு தூதர், வேறு ஊர். எங்கள் பக்கம் வரவில்லை. ஆனால் அவர்கள் வைத்திருந்த பெயர்களில் கதிரேசன் இருந்தான். ஒவ்வொரு தடவையும் கேட்டார்களாம், இவன் எப்படி இருக்கிறான், இவனை எப்போது விடுவீர்கள் என்று. கேட்டுக் கேட்டு நம்மவர்களுக்குச் சலித்துப்போயிருக்க வேண்டும். 2009 பிப்ரவரி 21ஆம் தேதி விட்டார்கள். மெலிந்து, முன்தலை வழுக்கையாகி வந்தான். இருபத்தாறு வயது. பார்க்கப் போனேன், கையில் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டுதான் போனேன். அவன் எழுந்து வணக்கம் சொன்னான். மரியாதை தெரிந்த பையன். தாய் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. நாலே நாளில் இரண்டு பேரும் தாய்லாந்து எல்லைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வீராச்சாமி வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டார்களாம், ஒரு மணி நேரம் இருந்தார்களாம். என்ன பேசினார்கள் என்று வீராச்சாமியைக் கேட்டேன். ஒன்றுமில்லை முதலாளி என்றான்.

இப்போது என் மில்லில் வேறு மேஸ்திரி. டீ ஆறுகிறது, குடியுங்கள் தம்பி.

2009 ஜூன் 5ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை, வீராச்சாமியை அரசாங்க டவுன்ஷிப் ஆபீசுக்குக் கூப்பிட்டு, அவன் மகன் தெய்வேந்திரன் சிறையில் மலேரியாவில் இறந்து பதினெட்டு மாதம் ஆகிறது என்று சொல்லி அனுப்பினார்கள்.